கர்ணனின் கவசம்: வாங்கினால் எவ்வளவு, செய்தால் எவ்வளவு?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த வெருலத்தில் உங்கள் கோயில் இளைஞர் குழு கர்ணன் கதையைக் கூத்தாகப் போடப்போகிறது. கர்ணனுக்கு ஒரு கவசம் வேண்டும். மார்பு, முதுகு, தோள், முன்கை, கணுக்கால் எல்லாம் சேர்ந்த ஒரு தொகுதி வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் 2,500 ராண்டுக்குக் கிடைக்கிறது. ஃபோமில் நாமே செய்தால் பாதி விலையில் முடியும் என்று ஒருவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். எது சரி என்று கேட்கிறீர்கள்.

டர்பனில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் வெட்டறையில் 31 ஆண்டுகள் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான மாதிரி, வெட்டியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு சாட்ஸ்வொர்த்தில் கோயில் நாடகங்களுக்கு வேடப் பொருள்கள் செய்து கொடுக்கிறேன். என் அனுபவத்தில், ஒரே ஒரு கவசம் செய்தால் மிச்சம் எதுவும் இருக்காது. உங்கள் நேரத்துக்கும் கூலி போட்டால் வாங்குவதைவிடக் கூடுதலாகவே ஆகும். இரண்டாவது கவசத்திலிருந்துதான் கணக்கு திரும்புகிறது. ஆனால் உங்கள் கூத்தில் ஒரு காட்சி இருக்கிறது. அதை நினைத்தால், விலை எதுவானாலும் கடைக் கவசம் உங்களுக்கு உதவாது. அதைப் பின்னால் சொல்கிறேன், முதலில் பணத்தைப் பார்ப்போம்.

கடைக்காரர் போட்டிருக்கும் 2,500 ராண்ட் உங்கள் கையை விட்டுப் போகும் தொகை அன்று. சுங்கத்துறை இதை ஆடை என்று வகைப்படுத்தினால் இறக்குமதி வரி 45 சதவீதம், அதாவது 1,125 ராண்ட். அதன்மேல் மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம் உண்டு. இந்த 15 சதவீதத்தை வெறும் 2,500-க்குப் போடமாட்டார்கள். பொருளின் மதிப்பு, அதில் பத்தில் ஒரு பங்கு, மேலே சொன்ன இறக்குமதி வரி மூன்றையும் கூட்டி, வரும் தொகைக்குப் போடுவார்கள். 2,500, 250, 1,125 ஆக 3,875. அதில் 15 சதவீதம் 581 ராண்ட் 25 சென்ட். எல்லாம் சேர்ந்து 4,206 ராண்ட் ஆகிவிட்டது. நீங்கள் அனுப்பிய விவரப்படி கப்பல் கூலி 900. மொத்தம் 5,106 ராண்ட். கூரியர்காரர்கள் சுங்க வேலைக்கென்று தனியாக வாங்கும் கட்டணம் இதில் இல்லை. வேறு வகையில் சேர்த்தால் இறக்குமதி வரி மாறும். ஆனால் எந்த வகை என்று முடிவு செய்கிறவர் அதிகாரி. வாங்குகிறவர் அதை முன்கூட்டி நம்பிக் கணக்குப் போடக்கூடாது.

அந்த 45 சதவீதத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. உள்நாட்டில் ஊசி பிடித்த கைகளைக் காப்பதற்காக இருக்கும் வரி அது. 1994-க்குப் பிறகு இறக்குமதிக்குக் கதவு திறந்தபோது டர்பனில் எத்தனையோ வெட்டறைகள் மூடின. என்னோடு வேலை செய்த பெண்கள் பலர் வீட்டுக்குப் போனார்கள். அதனால் அதைச் செலுத்த நேர்ந்தால் மனம் வருந்தாமல் செலுத்துங்கள். ஆனால் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

வாங்குவதிலேயே மலிவான வழி ஒன்று உண்டு. உங்கள் குழுவில் யாராவது சென்னைக்கோ மதுரைக்கோ போய்வருகிறார்களா என்று கேளுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர், 5,000 ராண்ட் மதிப்புவரை சொந்தப் பொருள்களை வரியின்றிக் கொண்டுவரலாம். அதற்கு மேல் இன்னொரு 20,000 ராண்ட் வரைக்கும் ஒரே விகிதமாக 20 சதவீதம்தான். 30 நாளுக்கு ஒரு முறை இந்தச் சலுகை. அங்கே நாடகச் சாமான் கடைகளில் வெல்வெட்டில் ஜரிகையும் மணியும் தைத்த மார்ப்பதக்கம், தோளில் அணியும் புஜகீர்த்தி, கிரீடம் எல்லாம் கிடைக்கும். ராஜா வேடத்துக்கு அவை அழகாக இருக்கும். ஆனால் அவை துணிதான். சூரியன் மகன் பிறக்கும்போதே உடம்பில் ஒட்டிப் பிறந்த பொற்கவசம் என்று அரங்கில் நம்பவைக்க வெல்வெட்டால் முடியாது. இங்கே விழாக்கடைகளில் தொங்கும் மெல்லிய பிளாஸ்டிக் மார்புத் தகடு குழந்தைகளுக்குச் சரி. கர்ணனுக்கு வேண்டாம்.

இரும்பில் செய்த கவசம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1.2 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர் சுமார் 9.4 கிலோ. கனமீட்டருக்கு 100 கிலோ அடர்த்தியுள்ள 10 மில்லிமீட்டர் ஃபோம் அதே பரப்புக்கு 1 கிலோ. அடவு பிடித்துச் சுழன்று ஆடவேண்டிய உடம்பு எதைத் தாங்கும் என்று யோசித்தால் இரும்பின் பேச்சு முடிந்துவிடும்.

இனி கையால் செய்வது. நாம் சொல்லும் ஃபோம் ஈ.வி.ஏ. என்னும் வகை. உடற்பயிற்சி அறைகளில் தரையில் கோத்துப் போடும் விரிப்பும் இதே குடும்பம். முகாமில் படுக்க விரிக்கும் மெல்லிய பாய் பெரும்பாலும் பாலித்தீன் ஃபோம். அதில் பசை சரியாகப் பிடிக்காது, ஏமாந்துவிடாதீர்கள். தெர்மகோலை நினைக்கவே வேண்டாம். கான்டாக்ட் பசையும் ஸ்பிரே பெயின்ட்டும் பட்ட இடமெல்லாம் அது கரைந்து குழிவிழும். மார்புக்கும் முதுகுக்கும் 10 மில்லிமீட்டர், கைக்கும் காலுக்கும் 5 அல்லது 6, மேலே ஒட்டும் பூவேலைக்கு 2 மில்லிமீட்டர் போதும்.

என் நோட்டில் முதல் கவசத்துக்கு எழுதி வைத்திருப்பதை அப்படியே தருகிறேன். நான் வாங்கிய விலை இது, உங்கள் கடையில் கொஞ்சம் மேலே கீழே இருக்கும். ஃபோம் 900 ராண்ட். ஒரு லிட்டர் கான்டாக்ட் பசை 200. கட்டர் பிளேடு 60. மேற்பூச்சுக்கு ரப்பர் ஸ்பிரே இரண்டு டப்பா 560. அக்ரிலிக் வண்ணம் 250. வெல்க்ரோ, பக்கிள், எலாஸ்டிக் 180. முகமூடி, கையுறை 100. பொருளுக்கு மட்டும் 2,250 ராண்ட். இதோடு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன் 550, தேய்த்து வளைவு கொடுக்கும் சிறு சுழல் கருவி 900. ஆக 3,700. பாதி விலையில் முடியும் என்று உங்களிடம் சொன்னவர் ஃபோம் விலையை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கிறார். பசையும் பூச்சும் கருவியும்தான் பணத்தைத் தின்பவை.

இன்னும் ஒரு 400 ராண்ட் இருக்கிறது. நான் முதலில் வெட்டிய மார்புத் துண்டு வீணானது. மூன்று பத்தாண்டுகள் பேட்டர்ன் வெட்டியவளுக்கு அது எப்படி நேர்ந்தது என்பதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் அதே தவறு நேரும். துணிக்குத் தடிமன் இல்லை என்று வைத்துத்தான் நாங்கள் அளவெடுப்போம். ஃபோமுக்கு அப்படியில்லை. 10 மில்லிமீட்டர் ஃபோமை ஒரு மார்பைச் சுற்றி வளைத்தால் அதன் வெளிப்புறச் சுற்று உட்புறச் சுற்றைவிட 6 சென்டிமீட்டருக்கும் சற்று அதிகம். உடம்பளவுக்குச் சரியாக வெட்டினால், வளைத்தபோது உட்புறம் சுமார் 3 சென்டிமீட்டர் சுருங்கிவிடும். அதில் ஆடுகிறவரின் மூச்சுக்கு இடமில்லை, உள்ளே போடும் பனியனுக்கும் இடமில்லை. என் முதல் கவசத்தைப் போட்ட பையன் இரண்டு வரி பாடியதும் நிறுத்திவிட்டான். அன்று முதல் 10 மில்லிமீட்டர் ஃபோமுக்கு, மார்பை நிறைய மூச்சு இழுத்து வைத்து அளந்து, அதன்மேல் 5 சென்டிமீட்டர் கூட்டுகிறேன்.

அளவு எடுக்கும் முறை எளிது. ஆடுகிறவர் பழைய பனியன் போட்டுக்கொண்டு நிற்கட்டும். மேலே சமையலறைப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் ஒட்டுநாடாவை இறுக்காமல் ஒட்டி மூடுங்கள். கவசத்தின் விளிம்பு எங்கே வரவேண்டும், இணைப்பு எங்கே வரவேண்டும் என்று பேனாவால் வரைந்து, முதுகுப் பக்கம் பத்திரமாக வெட்டிக் கழற்றுங்கள். இணைப்புக் கோடுகளில் வெட்டினால் தட்டையாகப் படியும். பாதி உடம்பை மட்டும் எடுத்துத் தாளில் வரைந்து, அதையே திருப்பிப் போட்டு மறுபாதியை வெட்டுங்கள். இடமும் வலமும் தனித்தனியாக வரைந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. ஒட்டவேண்டிய விளிம்புகளில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு குறி போடுங்கள். அக்குள் பகுதியைத் தாராளமாக வெட்டுங்கள். கடைக் கவசங்களில் நான் பார்த்த பெரிய குறை அதுதான், வில்லை உயர்த்தினால் மார்புத் தகடு தாடையில் வந்து இடிக்கும்.

பசையைப் பொறுத்தவரை ஒரே விதி பொறுமை. இரண்டு விளிம்பிலும் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத நிலை வரும்வரை காத்திருங்கள். மற்ற ஊர்களில் பத்துப் பதினைந்து நிமிடம் என்பார்கள். பிப்ரவரியில் டர்பன் காற்றின் ஈரத்துக்கு நான் அரை மணி நேரம்கூடக் காத்ததுண்டு. சேர்த்தபின் நகர்த்த முடியாது. ஜன்னல் கதவெல்லாம் திறந்து வையுங்கள், அந்த ஆவி தலையைச் சுற்றவைக்கும், தீயும் பிடிக்கும். பசை முழுதாக உலர்ந்து வாடை போனபிறகே ஹீட் கன் பக்கம் போகவேண்டும்.

முதல் கவசத்துக்கு எனக்கு 60 மணி நேரம் ஆனது. 2025 மார்ச்சில் நம் நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. அந்தக் கணக்கில் 1,727 ராண்ட். வீணான துண்டோடு 4,100, கூலி 1,727, ஆக 5,827 ராண்ட். கடையில் 5,106. ஒன்றே ஒன்றுக்குச் செய்வது மிச்சமில்லை என்று முதலில் சொன்னேனே, அதன் கணக்கு இதுதான். நம் வீட்டுப் பெண்கள் கோயிலுக்குச் செய்யும் வேலைக்கு யாரும் மணிக்கணக்கு எழுதுவதில்லை. எழுதவேண்டும் என்பது என் கருத்து. பணம் கேட்பதற்காக அன்று, எத்தனை இரவுகள் போயின என்று குழுவுக்குத் தெரிவதற்காக.

இரண்டாவது கவசத்தைப் பாருங்கள். கருவி கையில் இருக்கிறது. பேட்டர்ன் இருக்கிறது. பசையிலும் வண்ணத்திலும் மீதம் இருக்கிறது. எனக்கு 1,500 ராண்டும் 30 மணி நேரமும் ஆனது. கூலியோடு 2,364. கடை விலையில் பாதிக்கும் கீழே. இப்போது உங்கள் கூத்தை நினையுங்கள். கர்ணனுக்கு மட்டுமா கவசம்? அர்ச்சுனன் வருகிறான், தேரோட்டச் சல்லியன் வருகிறான், துரியோதனன் இல்லாமல் கதை இல்லை, கடோத்கசனையும் சேர்த்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்து கவசம் செய்தால் கைப்பணம் 10,100 ராண்ட், ஒன்றுக்கு 2,020. ஐந்து வாங்கினால் 25,000 ராண்டைத் தாண்டும், சேர்த்து அனுப்புவதால் கப்பல் கூலி சற்றுக் குறைந்தாலும். அடுத்த ஆண்டு வேறு கதை போட்டாலும் அதே மார்புத் தகட்டில் பூவேலையை மட்டும் மாற்றி ஒட்டலாம்.

இனி அந்தக் காட்சி. இந்திரன் கிழப் பிராமணனாக வந்து கவச குண்டலத்தைத் தானமாகக் கேட்கிறான். வருவது இந்திரன் என்று சூரியன் முன்பே எச்சரித்திருக்கிறான். தெரிந்தே கர்ணன் தன் உடம்பிலிருந்து கவசத்தை அறுத்துக் கொடுக்கிறான். கூத்தின் உயிர் அந்த இடம். கவசம் அரங்கில், எல்லோர் கண் முன்னால், கர்ணனின் சொந்தக் கையால் கழல வேண்டும். கடையில் வாங்கும் கவசத்துக்கு முதுகில் நான்கைந்து பக்கிள்கள், கழற்ற இன்னொருவர் வரவேண்டும். சல்லியன் வந்து பக்கிள் அவிழ்க்க, கர்ணன் முதுகைக் காட்டி நின்றால் தானம் என்ன ஆகும்?

நான் இப்படிச் செய்தேன். மார்புத் தகட்டை நடுவில் பிளக்காமல் ஒரே துண்டாக விட்டேன். இடப்பக்க விலாவிலும் தோளிலும் அகலமான வெல்க்ரோ. வலப்பக்கம் உள்ளே மறைந்த எலாஸ்டிக் கீல். கர்ணன் வலக்கையால் கத்தியை இடத் தோளில் வைத்துக் கீழே இழுக்கிறான், இடக்கை விளிம்பைப் பிடித்துப் பிரிக்கிறது. வெல்க்ரோ பிரியும் அந்தக் கரகரச் சத்தத்தை மறைக்க முதலில் துணி வைத்துப் பார்த்தேன். ஒத்திகையில் மிருதங்கக்காரர் அதை எடுத்துவிடச் சொன்னார். அவர் அந்த நேரத்தில் வாசிப்பை நிறுத்தினார். அமைதியில் தோல் உரிவதுபோல் அந்தச் சத்தம் கேட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து நின்றுவிட்டார். கவசத்துக்குள்ளே சிவப்புத் துணி தைத்திருந்தேன், அது பிரியும்போது மட்டும் தெரியும். எந்தக் கடையிலும் இதற்கு விலைச்சீட்டு இல்லை.

புஜகீர்த்தியையும் கிரீடத்தையும் மட்டும் ஃபோமில் செய்யாமல் மரத்தில் செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் முதல் கூட்டம் இந்தத் துறைமுகத்தில் இறங்கியது. பின்னால் வந்தவர்களையும் சேர்த்து நம்மவர்கள் கொண்டுவந்த கூத்தைத்தான் இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று அழைக்கிறார்கள். அதற்குக் கட்டைக்கூத்து என்ற பெயரே மரக்கட்டையில் செய்த அந்த அணிகலன்களால் வந்தது. தமிழ்நாட்டில் அதற்குக் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தைச் செதுக்கி, ஜிகினாத் தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டுவார்கள். அந்த மரத்தின் உடன்பிறப்பு நம் ஊரில் தெருவெல்லாம் நிற்கிறது. குளிர்காலம் முடியும் சமயத்தில் இலையில்லாமல் சிவப்பாகப் பூக்கிறதே பவழமரம், அது கல்யாண முருங்கையின் இனம்தான், கட்டையும் அதே இலேசு. யாராவது வீட்டில் கிளை வெட்டினால் கேட்டு வாங்கி, நிழலில் நன்றாக உலர்த்தி வையுங்கள். பச்சையாகச் செதுக்கினால் வெடிக்கும். செலவு ஜிகினாவுக்கும் கண்ணாடிக்கும் மட்டும்தான், டாக்டர் யூசுஃப் தாதூ தெருவில், பழைய கிரே தெருவில், தையல் சாமான் கடைகளில் கிடைக்கும்.

பொன்னிறம் வருவதற்கு முன் சில வேலைகள். வெட்டி ஒட்டிய ஃபோம் முழுவதும் ஹீட் கன்னை ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். மேற்பரப்பு மின்னத் தொடங்கும், நுண்துளைகள் மூடிவிட்டன என்று அர்த்தம். சூடாக இருக்கும்போதே தொடையிலோ பெரிய பானையிலோ வைத்து வளைத்தால் அந்த வளைவு நிற்கும். ஹீட் கன் 1,500 முதல் 2,000 வாட் வரை இழுக்கும், வீட்டில் உள்ள சிறிய இன்வெர்ட்டர் அதைத் தாங்காது, மின்வெட்டு நாளில் இந்த வேலையை வைக்காதீர்கள். பூச்சுக்கு வெள்ளைத் தச்சுப் பசையை நீர்த்துத் தடவினால் மலிவு, பலரும் செய்கிறார்கள். ஆனால் வளையும் இடத்தில் வெடிக்கிறது, வியர்வை பட்டால் பிசுபிசுக்கிறது. ஆடுகிற கவசத்துக்கு ரப்பர் ஸ்பிரேயே நல்லது, அந்த 560 ராண்டைக் குறைக்கப் பார்க்காதீர்கள். பிறகு முழுவதும் கறுப்பு அடித்து, உலர்ந்தபின், கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையில் பொன்வண்ணம் தொட்டு மேடான இடங்களில் மட்டும் தேய்க்கவேண்டும். பள்ளங்களில் கறுப்பு நின்றால்தான் விளக்கொளியில் உலோகமாகத் தெரியும். நேராகப் பொன் அடித்தால் பொம்மை.

முப்பரிமாண அச்சில் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 முதல் ஜோகன்னஸ்பர்க்கில் நடக்கும் காமிக் கான் ஆப்பிரிக்கா என்னும் வேடத் திருவிழாவுக்கு என் தங்கை மகன் அப்படி அச்சிட்ட தோள்கவசத்தோடு போனான். நுணுக்கம் அற்புதமாக இருந்தது. திரும்பி வந்து ஒரு மதியம் வெயிலில் நிறுத்திய காரில் விட்டான், கோணிப்போனது. அந்த அச்சில் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். மூடிய கார் டர்பன் வெயிலில் அதைத் தொட்டுவிடும்.

ஃபோமும் எரியும். கோயில் அரங்கில் இதை மறக்கவே கூடாது. எரியும்போது உருகித் தோலில் ஒட்டும். கற்பூரத் தட்டோடு யாரும் கவசம் போட்டவரிடம் நெருங்கக் கூடாது. கூத்துக்கு முன் தீபாராதனை வாங்குவதென்றால் கவசம் போடுவதற்கு முன்பே வாங்கிவிடட்டும். தீமிதி நடக்கும் நாளில் குழிக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் அரங்கின் பக்கவாட்டில் இருக்கட்டும். காற்றும் உள்ளே புகாது. விலாவில் மறைவாக நாலு விரல் அகலத்துக்கு இடைவெளி விடுங்கள், உள்ளே பருத்தி பனியன் மட்டும் போடுங்கள், ஒவ்வொரு காட்சிக்கும் நடுவில் மார்புத் தகட்டைத் திறந்து தண்ணீர் கொடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், இந்த மாதம் சென்னைக்குப் போகிறவர் யாரென்று கேட்டு, கிருஷ்ணனுக்கும் கர்ணன் மனைவி பொன்னுருவிக்கும் வேண்டிய ஜரிகை உடைகளை அவரிடம் சொல்லி அனுப்பியிருப்பேன். கவசம் ஐந்தையும் இங்கே செய்வேன், ஆனால் கர்ணனுடையதை முதலில் செய்யமாட்டேன். முதல் கவசத்தில்தான் கை தவறும். சல்லியனுடையதில் தொடங்குங்கள், பெரும்பாலும் தேரில் நிற்கிறவன், சற்றுக் கோணினாலும் தெரியாது. கர்ணனுக்கு நான்காவது முறை, கை பழகியபின். ஐந்து பேரின் மார்பு, இடுப்பு, தோள் அகலம், கழுத்திலிருந்து இடுப்புவரை நீளம், நான்கையும் சென்டிமீட்டரில் எழுதி அனுப்புங்கள். பேட்டர்னைத் தாளில் வெட்டி வைக்கிறேன். ஹீட் கன் என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை எடுத்துப் போங்கள், உங்கள் கணக்கில் 550 ராண்ட் குறையும்.